பாஸ்வேர்டு போட்டிருந்தும் ஃபைல் எல்லாம் திறந்துச்சு: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

சத்துவாச்சாரி:
எங்க சித்தப்பா வீடு காட்பாடி காந்தி நகர்ல. பழைய டெஸ்க்டாப், கரண்ட் போய்ப் போய் வந்ததுல ஒருநாள் ஒரேடியா படுத்துடுச்சு. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி, யூஎஸ்பி கேபிள்ல என் லேப்டாப்ல மாட்டினேன். அவர் பேர்ல இருந்த ஃபோல்டரைத் தொட்டதும் 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு ஒரு பெட்டி வந்துச்சு. அதுலயே 'கன்டினியூ' பட்டனும் இருந்துச்சு. அமுக்கினேன், அவ்வளவுதான். வீட்டுப் பத்திரம் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. பக்கத்துல உக்காந்து பார்த்துக்கினு இருந்தவர் கேட்டார்: "அப்போ நான் தினம் அடிச்ச பாஸ்வேர்டு இன்னாத்துக்குடா?"

நியாயமான கேள்வி. அந்தப் பாஸ்வேர்டைக் கேக்குறது விண்டோஸ். டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல போட்டா அந்த விண்டோஸே ஓடறதில்ல, அப்புறம் யார் கேப்பாங்க? டிஸ்க்குல இருக்கிற எழுத்தையே கலைச்சு வெச்சாத்தான், அதாவது என்கிரிப்ட் பண்ணினாத்தான் பாதுகாப்பு. உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

ராணிப்பேட்டை:
எனக்கு நேர் எதிரா நடந்துச்சு சார். தோல் கம்பெனி ஒன்னுக்கு வீட்ல இருந்தே கணக்கு பார்க்கிறேன். லேப்டாப்ல பயாஸ் (ஆன் பண்ணினதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற மென்பொருள்) அப்டேட் ஓடி முடிஞ்சதும் நீலத் திரை, 48 இலக்க ரிகவரி கீ, அதாவது டிஸ்க்கைத் திறக்கிற மாற்றுச் சாவி கேட்டுச்சு. டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ற விண்டோஸோட பிட்லாக்கர் வசதியை நான் போடவே இல்லையேன்னு கை காலெல்லாம் உதறல். அப்புறம்தான் தெரிஞ்சுது: 2024-ல வந்த விண்டோஸ் 11-ஓட 24எச்2 பதிப்புல இருந்து, புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சாலே பெரும்பாலான மெஷின்ல என்கிரிப்ஷன் தானா ஆன் ஆயிடுமாம். பயாஸ் மாறினதும் மெஷினுக்குள்ள சாவியைக் காக்கிற டிபிஎம் சிப் சந்தேகப்பட்டு சாவியைத் தர மாட்டேங்குது.

லேப்டாப்பை செட்டப் பண்ணிக் குடுத்தது பையன், அவன் அக்கவுண்ட்லதான் கீ இருந்துச்சு. சென்னையில டூட்டில இருந்தவன் போன்ல ஆறு ஆறு எண்ணா எட்டு தடவை படிச்சான். நடுவுல ஒரு எண்ணைத் தப்பா அடிச்சேன், அந்தக் கட்டத்துலயே தப்புன்னு காட்டிடுச்சு. ஒவ்வொரு ஆறு இலக்கமும் 11-ஆல வகுபடுமாம், அதனாலதான் உடனே பிடிக்குதுன்னு பையன் சொன்னான். முழுசா அடிச்சு முடிச்சப்புறம் 'தப்பு'ன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன்.

ஆற்காடு:
லினக்ஸ் கதை ஒன்னு. எங்க மாமா விண்டோஸுக்குப் பதிலா உபுண்டுங்கிற லினக்ஸைப் போடும்போதே டிஸ்க்கை லக்ஸ்ல (லினக்ஸோட என்கிரிப்ஷன் முறை) பூட்டிட்டார். பாஸ்வேர்டு முழுக்க எண்கள். மறுநாள் பூட் ஆகும்போது எத்தனை தடவை அடிச்சாலும் தப்புன்னே சொல்லுது. கடைக்காரர் பார்த்துட்டு "டிஸ்க் போச்சு, ஃபார்மட்தான்"னார். நான் போய்ப் பார்த்தா, மாமா கீபோர்டோட வலது பக்க எண் பட்டையில அடிக்கிறார். அந்தக் கட்டத்துல நம்லாக், அதாவது அந்தப் பட்டையை எண்ணா வேலை செய்ய வைக்கிற பட்டன், ஆன் ஆகலை, எண் உள்ளயே போகலை. மேல் வரிசையில அடிக்கச் சொன்னேன், திறந்துச்சு.

கையோட அத்தைக்கும் தனியா ஒரு பாஸ்வேர்டு சேர்த்துட்டேன். 'கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஆட்கீ' கமாண்ட் போதும். பழைய லக்ஸ்1-ல 8 பாஸ்வேர்டுக்கு இடம், புது லக்ஸ்2-ல 32 வரைக்கும் இடம் இருக்கு. லாகின் பாஸ்வேர்டை மாத்தினா டிஸ்க் பாஸ்வேர்டும் மாறிடும்னு நினைக்காதீங்க, அது தனி. டிஸ்க் தலைப்புல சாவி விவரம் இருக்கிற ஹெடர் பகுதி கெட்டுப்போனா பாஸ்வேர்டு தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல, அதையும் பென்டிரைவ்ல எடுத்து வையுங்க. ஆனா பின்னாடி பாஸ்வேர்டை மாத்தினீங்கன்னா அந்தப் பழைய ஹெடர் காப்பியை அழிச்சிடணும், பழைய பாஸ்வேர்டு அதுல இன்னும் செல்லும்.

குடியாத்தம்:
எல்லாம் சரிண்ணே, வீட்டு மேஜையில கிடக்கிற டெஸ்க்டாப்புக்கு இது தேவையா? திருடன் வர்றதுக்கு முன்னாடி நம்மளே நம்மளை வெளிய வெச்சுப் பூட்டிக்குவோம் போலிருக்கே. லேப்டாப்புன்னா ஒத்துக்கறேன்.

சத்துவாச்சாரி:
திருடனை விடு தம்பி. வாரண்டில டிஸ்க் செத்துப் போச்சுன்னா பழசைக் குடுத்தாத்தான் புதுசு தருவாங்க. செத்த டிஸ்க்கை நீ அழிக்க முடியாது, ஆனா தெரிஞ்சவன் கையில அது பாதி படிக்க வரும். எனக்கு அந்தப் பயம்தான். நீ சொன்ன வெளிய பூட்டிக்கிற ஆபத்தும் நிஜம், அதனால சித்தப்பாவோட புது மெஷின்ல பிட்லாக்கரை ஆன் பண்ணினதும் கீயைப் பிரிண்ட் எடுத்து வாலாஜாவுல இருக்கிற அத்தை வீட்டு பீரோவுல வெச்சாச்சு. அதே கம்ப்யூட்டர்ல ஃபைலா வெச்சா எதுக்கும் ஆகாது. போட்டோ, பத்திரம் எல்லாம் தனி டிஸ்க்குல ஒரு காப்பி இருக்கு, அதையும் பூட்டியாச்சு. ராணிப்பேட்டை அம்மா, அடுத்த பயாஸ் அப்டேட்டுக்கு முன்னாடி உங்க கீ பேப்பர்ல இருக்கான்னு பாருங்க. பையன் டூட்டில போனை எடுக்காத நாளும் வரும்.