முதல் கியரில் குலுக்கல்: எண்ணெய் முதலா, கிளட்ச் முதலா?

பீடோர்_86: 2012ல வந்த முதல் ரக டொயோட்டா 86, கைக்கியர், செகண்ட் ஹேண்ட்ல எடுத்திருக்கேன். ஓட ஆரம்பிச்சா தங்கம். தோட்டத்துச் செம்மண் பாதையிலேருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும்போதுதான் முதல் கியர்ல குலுங்குது. எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதிச்சுட்டு கிளட்ச் விடணுமா, கிளட்ச்சை மட்டும் விடணுமா?

செம்பனை_லோரி: கிளட்ச்தான் தம்பி. சமதரையில எண்ணெயைத் தொடாதே. குதிகாலைத் தரையில ஊன்றி மெதுவா விடு. ஒரு இடத்துல இஞ்சின் சத்தம் தாழும், அங்கதான் கிளட்ச் பிளேட், இஞ்சினோட சேர்ந்து சுத்துற ஃப்ளைவீலைப் பிடிக்குது. அந்த இடத்துல காலை ஒரு நொடி நிறுத்து. எண்ணெயை ஏத்திட்டு விட்டா பிளேட் தேயும்.

தாப்பா_வளைவு: அண்ணே, லோரி டீசல் இஞ்சினுக்குக் கீழேயே இழுவை இருக்கு. 86க்கு முழு இழுவை, 205 நியூட்டன் மீட்டர், 6400 ஆர்பிஎம்ல, அதாவது இஞ்சின் நிமிஷத்துக்கு 6400 சுத்து சுத்தும்போதுதான் வரும். சும்மா விட்டா குலுங்கத்தான் செய்யும், ஏத்தத்துல செத்தே போயிடும். 1500ல நிலையா பிடிச்சுக்கிட்டு கிளட்ச்சை விடட்டும். பிளேட் எவ்வளவு நேரம் வழுக்குது, இஞ்சின் வேகத்துக்கும் கியர் வேகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம், இந்த ரெண்டும்தான் சூட்டைக் கூட்டும். கொஞ்சம் எண்ணெய் கொடுத்துச் சட்டுன்னு முடிச்சா தேய்மானம் அதிகமில்லை.

செம்பனை_லோரி: 1500ல நிறுத்தினா சரி. புதுசா ஓட்டுறவன் கால் 3000க்குப் போயிடுதே! பள்ளி விடுமுறையில கேமரன் மலைக்குப் போற ரிங்லெட் ஏத்தத்துல பாருங்க, பாதி கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிச்சிருப்பாங்க. கருகின வாடை நம்ம லோரிக்குள்ள வரைக்கும் வரும்.

தாப்பா_வளைவு: அந்த விஷயத்துல நானும் உங்க பக்கம்தான். ஏத்தத்துல ஹேண்ட்பிரேக் போட்டே ஆகணும். பின்சக்கர இழுவை வண்டி இது, கிளட்ச் பிடிச்சதும் பின்பக்கம் லேசா அமுங்கும். அப்போ ஹேண்ட்பிரேக்கை இறக்கணும். ஆனா எண்ணெயே வேண்டாம்னு சொல்லிக் கொடுக்காதீங்க அண்ணே.

வொர்க்‌ஷாப்_காரன்: ரெண்டு பேரும் காலையே பேசுறீங்க, வண்டியை யாரும் பார்க்கலை. பழைய முதலாளி லேசான ஃப்ளைவீல் மாத்தியிருந்தா ஆர்பிஎம் பட்டுனு விழும், அண்ணன் சொல்ற முறை அதுல எடுபடாது. இஞ்சின் ஆயில் கசிஞ்சு பிளேட்ல பட்டிருந்தா யார் ஓட்டினாலும் அதிரும். அந்த 86 பெடல்ல ஒரு உதவி ஸ்பிரிங் வேற இருக்கு, பிடிக்கிற இடம் காலுக்குச் சரியா தெரியாது. சிலர் அதைக் கழட்டிடுறாங்க.

பீடோர்_86: இன்னைக்கு எங்க லைன் வீட்டு முன்னாடி 1500ல பழகிப் பார்த்தேன், சமதரையில குலுக்கல் இல்லை. ஏத்தத்துல இன்னும் இருக்கு. ஆயில் கசிவு பார்க்க வண்டியைத் தூக்கப் போறேன்.

செம்பனை_லோரி: தூக்கிப் பாரு தம்பி. அதுவரைக்கும் கேமரன் பக்கம் ஏத்தாதே.