பிங் பதில் தந்தால் போதுமா? தொழிற்சாலை ஸ்விட்ச்களைக் கண்காணித்த அனுபவங்கள்

ஆலைப் பராமரிப்புப் பொறியாளர்:

எங்கள் ஆலையில் பொருள் கையாளும் பிரிவின் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி.க்கள் அனைத்தும், நெட்வொர்க் ஸ்விட்ச்களை வளையமாக இணைத்து மாற்றுப் பாதை தரும் எம்.ஆர்.பி. முறையில் அமைந்த ஃபைபர் (ஒளியிழை) ரிங் வழியாகக் கன்ட்ரோல் ரூமுடன் இணைக்கப்பட்டுள்ளன. எங்கேனும் ஒரு கேபிள் அறுந்தால், ரிங் மேனேஜராக இருக்கும் ஸ்விட்ச் அதுவரை தடுத்து வைத்திருந்த போர்ட்டைத் திறந்துவிடும். வழக்கமான அமைப்பில், 50 ஸ்விட்ச்கள் வரை உள்ள ரிங்கில், 200 மில்லி விநாடிக்குள் தரவு மாற்றுப் பாதையில் செல்லத் தொடங்கிவிடும். ஆலையின் நிலையைக் காட்டும் ஸ்காடா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

ஒருமுறை பராமரிப்புக்காக ஒரு பேனலில் ஒரேயொரு ஸ்விட்ச்சை அணைத்தபோது, அதற்கு அப்பாலிருந்த ஸ்விட்ச்களும் அவற்றைச் சார்ந்த பி.எல்.சி.க்களும் சேர்ந்தே தொடர்பிழந்தன. ரிங் முழுமையாக இருந்திருந்தால் இப்படி நடக்க வாய்ப்பில்லை. தேடிப் பார்த்ததில், மறுபக்கத்தில் ஒரு ஃபைபர் இணைப்பு முன்பே போயிருந்தது தெரியவந்தது. அப்போதிருந்த கண்காணிப்பு மென்பொருள் ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் பிங் எனும் சிறு சோதனைச் செய்தியை அனுப்பி, பதில் வந்தால் பச்சை காட்டுவதோடு நின்றுவிடும். ரிங் அறுந்த பின்னரும் எல்லா ஸ்விட்ச்களும் மாற்றுப் பாதையில் பதில் தந்துகொண்டிருந்ததால், திரை முழுவதும் பச்சையாகவே இருந்திருக்கிறது. மாற்றுப் பாதை உள்ள வலையமைப்பில் முதல் பழுது சத்தமின்றி வரும், இரண்டாவது பழுதுதான் உற்பத்தியை நிறுத்தும். ஆகவே அந்த முதல் பழுதைத் தேடிப் பிடிக்காத கண்காணிப்பு இருந்தும் பயனில்லை என்றே கருதுகிறேன்.

இப்போது ரிங் மேனேஜரிடம் ரிங்கின் நிலையை எஸ்.என்.எம்.பி. எனும் கண்காணிப்பு நெறிமுறை வழியாகக் குறித்த இடைவெளியில் கேட்டுப் பெறுகிறோம். பழுது நேர்ந்ததும் ஸ்விட்ச் தானாக அனுப்பும் ட்ராப் எனும் எச்சரிக்கைச் செய்தியை மட்டும் நம்பியிருப்பதில்லை, அது யு.டி.பி. முறையில் 162 என்ற போர்ட் எண்ணுக்கு ஒரேயொரு முறை அனுப்பப்படுவது, சேர்ந்ததா என்று ஸ்விட்ச் சரிபார்ப்பதில்லை, பாதை மாறும் அந்தக் கணத்திலேயே தொலைந்தும் போகலாம்.

கருவியியல் தொழில்நுட்பர்:

மின்வழங்கலிலும் இதே கதைதான். இவ்வகை ஸ்விட்ச்கள் பலவற்றில் 24 வோல்ட் டி.சி. உள்ளீடுகள் இரண்டு இருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்றில் ஓடும். இதை வெளியே சொல்வதற்காகவே ஃபால்ட் ரிலே கொடுக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக, பழுதில்லாத நிலையில் அந்த ரிலே மின்சாரத்தால் இழுத்தபடி கான்டாக்டை மூடி வைத்திருக்கும். உள்ளீடு ஒன்று இழந்தாலும், ஸ்விட்ச்சே மின்சாரமின்றி நின்றாலும் விடுபட்டு, கான்டாக்ட் திறந்துவிடும். அதன் கான்டாக்டைப் பேனலுக்குள்ளேயே இருக்கும் பி.எல்.சி.யின் டிஜிட்டல் இன்புட்டில் இணைத்துவிட்டால், வலையமைப்பு துண்டிக்கப்பட்ட நேரத்திலும் பேனல் விளக்கையாவது எரியச் செய்யலாம்.

நான் திறந்து பார்த்த பேனல் ஒன்றில், அந்த ரிலேயின் இரண்டு டெர்மினல்களுக்கும் இடையே விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வயர் செருகப்பட்டிருந்தது. நிறுவிய காலத்தில் இரண்டாவது பவர் சப்ளை வந்து சேராததால் அலாரம் நிற்காமல் வந்திருக்கிறது. யாரோ ஷார்ட் செய்து அதை அடக்கிவிட்டார்கள். பின்னர் இரண்டாவது சப்ளை பொருத்தப்பட்டும், வயரை எவரும் எடுக்கவில்லை. இரண்டாவது உள்ளீட்டுக்கான கண்காணிப்பை மட்டும் ஸ்விட்ச்சின் அமைப்பில் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கலாம். அதற்கு லேப்டாப் வேண்டும், வயருக்கு ஸ்க்ரூடிரைவர் போதும்!

வலையமைப்பு நிர்வாகி:

அறுந்த இணைப்பைவிட அரைகுறையாக உயிரோடிருக்கும் இணைப்பே அதிகத் தொல்லை தருகிறது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்றின் மோட்டார் கேபிளை ஒட்டிச் சென்ற காப்பர் கேபிளில் லிங்க் விழவே இல்லை. ஆனால் மோட்டார் ஓடும் நேரங்களில் மட்டும் சி.ஆர்.சி. பிழைகள், அதாவது தரவு சிதைந்து வந்ததன் எண்ணிக்கை, ஏறின. மொத்த எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் இது புலப்பட்டிருக்காது. இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மோட்டார் ஓடிய நேரத்தோடு ஒப்பிட்ட பிறகே காரணம் பிடிபட்டது. கேபிளைத் தனிப் பாதைக்கு மாற்றியதும் பிழைகள் நின்றன.

ஃபைபரில், ஸ்விட்ச்சில் செருகும் ஒளி மாட்யூலான எஸ்.எஃப்.பி.க்கு டயக்னாஸ்டிக் வசதி இருந்தால், வந்துசேரும் ஒளித்திறனைப் பதிவு செய்யுங்கள். நிறுவிய நாளின் அளவை எழுதி வைத்திருந்தால், 3 டெசிபல் குறைந்திருப்பது ஒளி பாதியாகிவிட்டது என்பதை லிங்க் போகும் முன்பே காட்டிவிடும். போக்குவரத்து அளவுக்கு 64 பிட் எண்ணிகளையே (கவுண்டர்களையே) வாசியுங்கள். 32 பிட் பைட் எண்ணி, முழு வேகத்தில் ஓடும் 100 மெகாபிட் போர்ட்டில் ஆறு நிமிடங்களுக்குள்ளும், ஜிகாபிட் போர்ட்டில் சுமார் 34 விநாடிகளிலும் சுற்றி வந்து பூச்சியத்தில் தொடங்கிவிடும்.

கன்ட்ரோல் ரூம் ஊழியர்:

எண்ணி சுற்றி வருவதால் எங்களுக்கும் ஒரு குழப்பம் நேர்ந்தது. ஸ்விட்ச் ஒன்று மறுதொடக்கம் ஆனதாக அலாரம் வந்தது. போய்ப் பார்த்தால் மின்சாரம் ஒரு கணமும் தடைபடவில்லை. எஸ்.என்.எம்.பி. தரும் இயங்குநேரம் நூறில் ஒரு விநாடி அலகில் 32 பிட்டாக எண்ணப்படுவதால், சுமார் 497 நாட்களில் தானாகவே பூச்சியமாகிவிடும். இப்போது நிகழ்வுகள் பதிவாகும் சிஸ்லாகில் தொடக்கப் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆளை அனுப்புகிறோம்.