ஆழ்சுழற்சி மின்கலமா, வடிதாங்கியா?

> 'டீப் சைக்கிள் பேட்டரி'க்கு 'ஆழ்சுழற்சி மின்கலம்' என்றே வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

அப்படிப் பொருந்துவதுதான் சிக்கல், ஐயா. சுழற்சி என்றால் எனக்கு மின்விசிறிதான் நினைவுக்கு வருகிறது. ஆழ்சுழற்சி என்றால் கடலில் நீர்ச்சுழி. இந்த மின்கலத்தில் எதுவும் சுழலவில்லை. சேமித்த மின்சாரத்தில் பெரும்பகுதி வடிகிறது, மறுபடி நிறைகிறது. திரும்பத் திரும்ப அப்படி வடிந்தும் தாங்குவதே இதன் தனிக்குணம்.

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் ஒரு பெரியவரின் மின்ஸ்கூட்டருக்கு யாரோ மலிவாகக் கார் வகை மின்கலங்கள் இரண்டை மாட்டிக்கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே ஈரச்சந்தைக்குப் போய்வரக்கூட அவை போதவில்லை. மின்கலங்களைக் குறைசொல்ல முடியாது. கார் என்ஜினை உசுப்பச் சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் வேண்டும். அதற்காகப் பரப்பு மிகுந்த மெல்லிய ஈயத் தகடுகளை நிறைய அடுக்குகிறார்கள். ஆழமாக வடியும்போது, தகட்டில் பூசிய, மின்சாரத்தைச் சேமிக்கும் பசை ஈய சல்ஃபேட்டாக மாறி உப்புகிறது, நிறைக்கும்போது சுருங்குகிறது. மெல்லிய தகட்டிலிருந்து அது விரைவில் உதிர்ந்துவிடும். அப்பளத்தை அடைபோலப் பிட்டுத் தின்ன நினைத்த கதை! தடித்த தகடும் அடர்ந்த பசையும் இருந்தால் வடிந்து நிறையும் சுற்றுகள் பல மடங்கு கூடுதலாகத் தாங்கும். கண்ணாடி இழைப் பாய் வைத்த வகையில், அந்தப் பாய் தகட்டோடு இறுக அழுந்திப் பசையைப் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: 'வடிதாங்கி மின்கலம்'. சுமைதாங்கியும் இடிதாங்கியும் நம்மிடம் முன்பே இருக்கின்றன. 'டிஸ்சார்ஜ்'க்குப் பாடநூல் தரும் 'மின்னிறக்க'த்தை வைத்து 'ஆழ்மின்னிறக்க மின்கலம்' என்று சொன்னால், வாய் வலிப்பதற்குள் மின்கலமே வடிந்துவிடும். 'வடிப்பு' என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு வடிக்கிறோம் என்பதற்கு 'வடிப்பாழம்' தானாகக் கிடைக்கிறது. பாதி வடிப்பாழத்தோடு நிறுத்தினால் சுற்றுகள் கூடும். வடிந்த நிலையிலேயே போட்டுவைத்தால் சல்ஃபேட் படிகங்கள் இறுகிப்போகும். மின்ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு இதைத் தமிழிலேயே விளக்கிவிடலாம். கூடவே நம் ஊர் வெப்பத்தையும் எச்சரிக்க வேண்டும்: உறையில் அச்சிட்ட ஆயுள் பெரும்பாலும் 20 அல்லது 25 பாகை செல்சியசுக்கானது, அதற்குமேல் 10 பாகை கூடினால் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "கஞ்சி வடிக்கும்போது அடியில் வைக்கும் சட்டியா?" என்றார் என் மனைவி. நியாயமான தடைதான். முதல் முறை 'வடிதாங்கி மின்கலம்' என்று முழுதாக எழுதினால் சட்டி வந்து குறுக்கிடாது என்று நினைக்கிறேன்.

'சீல்டு பேட்டரி'யில் வரும் 'சீல்டு' என்பதற்கு 'முத்திரையிட்ட' என்று எழுதியிருந்தீர்கள். அந்த மின்கலங்களில் உள்ளழுத்தம் மிஞ்சினால் திறந்து வாயுவை வெளியேற்றும் வால்வு இருக்கிறது. முத்திரை எங்கே வந்தது? அதைத் தனி இழையில் பேசுவோம்.