இரும்புச் சாவியில் செம்பு முலாம் பொடியாக உதிர்கிறது, எங்கே தவறு?

கேள்வி: துத்தநீலம்

காந்தம் ஒட்டும் பழைய இரும்புச் சாவிக்குச் செம்பு முலாம் பூசப் பார்க்கிறேன். 200 மில்லி போர் தண்ணீர், உரக்கடையில் வாங்கிய மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) இரண்டு டீஸ்பூன், மின்சாரம் நன்றாகப் பாயட்டும் என்று ஒரு சிட்டிகை கல்லுப்பு. 12 வோல்ட் அடாப்டரில் பாசிட்டிவுக்குச் செம்புக் கம்பி, நெகட்டிவுக்குச் சாவி. சுவிட்ச் போடுவதற்கு முன்பே சாவி செம்பு நிறமாகிவிடுகிறது. போட்டதும் குமிழ் குமிழாகப் பொங்குகிறது. ஐந்து நிமிடத்தில் நனைந்த காபித்தூள் மாதிரி கரும்பழுப்பாக ஏறி, விரல் பட்டால் வழித்துக்கொண்டு வருகிறது. கம்பியின் மேல் வெள்ளையாக ஏதோ படிகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: ஆம்பியர்_கணக்கு

முதலில் 12 வோல்ட்டை விடுங்கள். முலாமில் பார்க்க வேண்டியது வோல்ட் அல்ல, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது என்பதுதான். சாவியை ஒட்டிய நீரில் இருக்கும் செம்பு அயனிகள் தீரும் வேகத்துக்கு வெளியிலிருந்து புது அயனிகள் வந்து சேர வேண்டும். கரண்ட் அதிகமானால் வந்து சேராது. அப்போது மிச்சக் கரண்ட் ஹைட்ரஜனைக் கிளப்புகிறது, செம்பும் படிகமாக அடுக்காமல் தூளாக விழுகிறது. நீங்கள் பார்த்த குமிழும் காபித்தூளும் இதுதான்.

கலக்காமல் வைக்கும் வீட்டுத் தொட்டிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 15 மில்லி ஆம்பியர் போதும். சாவியின் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 20 சதுர செ.மீ. என்றால் 200 முதல் 300 மில்லி ஆம்பியர். பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜரும் கரண்டை ஒரே அளவில் நிறுத்த ஒரு எல்எம்317 ஐசியும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடமிருந்து கால்கள்: அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். சார்ஜர் பாசிட்டிவ் இன்புட்டுக்கு. அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே 4.7 ஓம், 1 வாட் ரெசிஸ்டர். அட்ஜஸ்ட் காலிலிருந்து செம்புத் தகட்டுக்கு. 1.25-ஐ 4.7-ஆல் வகுத்தால் 0.266 ஆம்பியர். தொட்டியின் நிலை மாறினாலும் கரண்ட் இதிலேயே நிற்கும். ஐசி சூடாகும், சின்ன ஹீட்சிங்க் மாட்டுங்கள்.

ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.186 கிராம் செம்பு படியும். உங்கள் 0.266 ஆம்பியருக்கு மணிக்கு 0.32 கிராம், 20 சதுர செ.மீ. பரப்பில் அது ஏறக்குறைய 18 மைக்ரான். அலங்காரத்துக்கு அரை மணி நேரமே தாராளம். முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். கணக்கை விடக் குறைந்தால் செம்பு உதிர்கிறது அல்லது கரண்ட் வேறெங்கோ போகிறது.

பதில் 2: தொட்டிக்கரை

கரண்டைச் சரி செய்தாலும் இரும்பில் இது உரிந்துதான் வரும். சுவிட்ச் போடும் முன்பே நிறம் மாறியதாகச் சொன்னீர்களே, கோளாறின் வேர் அங்கேதான். செம்பைவிட இரும்பு சுலபமாகக் கரையும் (நியம மின்னழுத்தம் செம்புக்கு +0.34, இரும்புக்கு −0.44 வோல்ட்). துத்தக் கரைசலில் முங்கிய கணமே இரும்பு கரைந்து, அந்த இடத்தில் செம்பு உட்கார்ந்துவிடுகிறது. அது பிடிப்பில்லாத பஞ்சு. அதன் மேல் எவ்வளவு நல்ல முலாம் ஏற்றினாலும் அடித்தளம் மணல்தான்.

தொழிற்கூடங்களில் இதற்கு சயனைடு செம்புத் தொட்டியோ நிக்கல் தொட்டியோ வைத்து முதல் பூச்சு போடுவார்கள். சயனைடை வீட்டில் நினைக்கவே கூடாது. நிக்கல் உப்புகளும் தோல் ஒவ்வாமை தருபவை, உள்ளே போனால் நஞ்சு. வீட்டுக்குச் சிட்ரேட் தொட்டி சரிப்படும். அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 45 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், 12 கிராம் மயில்துத்தம். கையுறை போட்டுக்கொண்டு, நீர்த்த காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 9 வரை கொண்டுவாருங்கள். கரைசல் ஆழ்ந்த நீலமாகத் தெளிந்திருக்க வேண்டும். கலங்கலாகவே நின்றால் சிட்ரேட் போதவில்லை. சிட்ரேட் செம்பைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் இரும்பு அதைப் பறிப்பது வெகுவாகக் குறையும். கரண்ட் ஓடும் கம்பியில் சாவியைக் கட்டிய பிறகே உள்ளே இறக்குங்கள். சதுர செ.மீ.க்கு 5 மில்லி ஆம்பியர், அதாவது 100 மில்லி ஆம்பியர். அதற்கு ரெசிஸ்டர் 12 ஓம். அரை மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவி, காயவிடாமல் அமிலத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

அமிலத் தொட்டி: 350 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 100 கிராம் மயில்துத்தம், பேட்டரி கடையில் கிடைக்கும் 1.28 அடர்த்தி சல்ஃப்யூரிக் ஆசிட் 55 மில்லி, பிறகு நீர் விட்டு அரை லிட்டர். ஆசிட்டை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை ஆசிட்டில் அல்ல. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். உரக்கடைத் துத்தத்தில் மண் இருக்கும். வெந்நீரில் கரைத்து, ஆறிய பின் பஞ்சில் வடித்துக்கொள்ளுங்கள். உப்பு அறவே வேண்டாம். கம்பியில் படிந்த வெள்ளை குப்ரஸ் குளோரைடு; அது கம்பியை மூடிக் கரண்டைத் தடுக்கும். போர் தண்ணீரிலும் குளோரைடு உண்டு. கடத்துதிறனுக்கு ஆசிட்டே போதும்.

பதில் 3: உப்புத்தாள்

சுத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே. சாவியில் நிக்கல் பளபளப்பு மிச்சம் இருந்தால் முழுக்கத் தேய்த்து எடுங்கள். 400 உப்புத்தாள், பிறகு 800. பாத்திரம் தேய்க்கும் பவுடரும் பழைய பிரஷ்ஷுமாகப் பல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு சாவியை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே ஏடாகப் பரவி நின்றால் சுத்தம். எங்காவது ஏடு கிழிந்து முத்து முத்தாக ஒதுங்கினால் அங்கே எண்ணெய் இருக்கிறது. முலாம் அந்த இடத்தில் உரியும். மறுபடி தேய்க்க வேண்டியதுதான். அதன்பின் வெறுங்கை படக் கூடாது.

செம்புக் கம்பி ஒன்று போதாது. சாவியைப் போல் இரண்டு மடங்கு பரப்புள்ள தகட்டை இரு பக்கமும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் தடிக்கும். தகட்டிலிருந்து உதிரும் நுண்துகள் சாவியில் ஒட்டினால் சொரசொரப்பாகும். பழைய வேட்டித் துணியில் பை தைத்துத் தகட்டுக்கு மாட்டினால் தீர்ந்தது.

துத்தநீலம்:

மூவருக்கும் நன்றி. செம்புத் தகடு கிடைக்கும் வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியைப் பாசிட்டிவில் போடலாமா? தீர்ந்த கரைசலை எங்கே ஊற்றுவது?

தொட்டிக்கரை:

கரண்டி வேண்டவே வேண்டாம். ஸ்டீல் பாசிட்டிவில் கரைந்தால் நிக்கலும் குரோமியமும் நீரில் இறங்கும். குரோமியம் ஆறு இணைதிற வடிவம் எடுத்தால் புற்றுநோய் விளைவிப்பது. வயரிங் மிச்சமான 4 சதுர மி.மீ. கம்பியை உரித்துச் சுருளாகச் சுற்றினால் பரப்பு கிடைத்துவிடும்.

அமிலத் தொட்டியைக் கொட்டத் தேவையில்லை. தகடு கரைந்து செம்பை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். மூடி போட்டு, பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாதீர்கள், செம்பு மீனையும் செப்டிக் டேங்க் நுண்ணுயிரையும் கொல்லும். அமிலத் தொட்டிக்குப் பின் கழுவிய நீரில் வாஷிங் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நுரைத்து அடங்கி, நீலப்பச்சை வண்டலாகச் செம்பு இறங்கும். மேல்நீர் நிறமற்றுத் தெளிந்த பின் வடித்து, வண்டலை உலர்த்தி டப்பாவில் சேர்த்து வையுங்கள். சிட்ரேட் கழுவுநீரை இதோடு சேர்க்காதீர்கள். சிட்ரேட் செம்பை வண்டலாக விடாது. அதைத் தனி வாளியில் வெயிலில் வற்றவிடுங்கள்.