இளைத்து வந்தபோது ஊர் சொன்ன சொல்

மெலிந்தவரைப் பார்த்து ஊர் சொல்லும் சொற்களைப் பற்றி நெல்லை மாவட்டத்து மூன்று ஊர்க்காரர்கள் எழுதியவை.

பாளையங்கோட்டையிலிருந்து:

போன ஆண்டு மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாதம் பத்தியம். ஒன்பது கிலோ குறைந்த உடம்போடு நெல்லை எக்ஸ்பிரஸில் ஊர் வந்து இறங்கினேன். வீடு சேர்வதற்குள் ஆளுக்கொரு சொல்.

ஆட்டோக்கார அண்ணாச்சி, "என்ன தம்பி, சடவா?" என்றார். சடவு என்பது எங்கள் பக்கம் அலுப்பு. தூங்கி எழுந்தால் போய்விடும். அவர் என் கன்னத்தைப் பார்க்கவில்லை, ராத்திரி ரயிலில் வந்த கண்ணைத்தான் பார்த்திருக்கிறார். தெருமுனைக் கடைக்காரர், "முகம் வாடியிருக்கிறதே" என்றார். வாட்டம் என்றால் அது வயிற்றைக் கேட்கிற கேள்வி. பதில் சொல்லுமுன் கையில் இரண்டு வாழைப்பழம். மைனி (அண்ணன் மனைவி), "இப்படி இளைத்துவிட்டீர்களே" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இளைப்பு நோயைக் கேட்கும், கடனையும் கேட்கும்.

ஆச்சி எதுவும் கேட்கவில்லை. "சாவிக் கதிர் மாதிரி நிற்கிறானே" என்றாள், அவ்வளவுதான்.

பிசானப் பருவத்து நெல் விளைந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணி பிடித்த கதிர் தலை கவிழ்ந்திருக்கும். உள்ளே பாலில்லாத சாவி நேராக நிற்கும். பலவீனம் தெரியக்கூடாது என்று நான் அன்று விறைத்துத்தான் நின்றிருந்தேன்!

திசையன்விளையிலிருந்து:

எங்களுக்கு நெற்பயிரை விடப் பனைதான் நெருக்கம். மெலிந்தவரைக் 'காவோலை' என்போம், காய்ந்து தொங்கும் ஓலை. பெரியப்பா பனையேறி. பதநீர்க் காலத்தில் ஒவ்வொரு மரத்திலும் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். பருவம் முடிகையில் விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் அவரை யாரும் காவோலை என்றதில்லை. "உழைத்துக் கறுத்திருக்கிறார்" என்பார்கள். காவோலை என்ற பட்டம், மெட்ராஸில் படித்துவிட்டு மெலிந்து வந்த எனக்குத்தான் கிடைத்தது.

முக்கூடலிலிருந்து:

நீங்கள் இருவரும் ரசிக்கிறீர்கள், எனக்கு இந்தச் சொற்களைக் கேட்டாலே எரிச்சல். நான் பிறவியிலேயே ஒல்லி. நோஞ்சான், வற்றல், ஈர்க்குச்சி என்று கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடும் முன்பே பரிமாறிவிடுவார்கள். நோயுமில்லை, கவலையுமில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது?

அதே ஆட்கள் என் அம்மாவைப் பார்த்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றியே அவளுக்குத் தோள் கூனிவிட்டது, கண் குழி விழுந்துவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்களுக்கு அதே முகம்.