பிக்கப் வண்டியோட பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) நடுவுல உடையுது, ஏன்?

கேள்வி: பாவூர்சத்திரத்துல இருந்து செங்கோட்டை வழியா கேரளாவுக்குக் காய்கறி லோடு. மெயின் பட்டை, அடுக்கை நடுவுல சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் கிட்டயே உடையுது. வண்டியே தரமில்லையா அண்ணாச்சி?

பதில் 1: வண்டியைக் குறை சொல்லாதீங்க. நடுவுல உடைஞ்சா முதல் சந்தேகம், பட்டையை ஆக்சிலோட இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட் தளர்வுதான். பிடி விட்டா வளைவெல்லாம் சென்டர் போல்ட் ஓட்டையில விழும், பட்டைக்கு பலவீனமான இடம் அதுதான். யூ போல்ட், நட்டு ரெண்டும் புதுசா போடுங்க. கொஞ்சம் ஓடுனதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்குற ஸ்பேனர்) வச்சு மறுபடி முறுக்கணும், நிறைய பேர் விடுறது இதைத்தான்.

பதில் 2: லோடை மறந்துட்டீங்களே! ஆர்சியில உள்ள மொத்த எடையில காலி எடையைக் கழிங்க, அதுக்கு மேல ஏத்தாதீங்க. கூடுதல் பட்டை சொருகினா பட்டை தாங்கும், பிரேக்கும் ஆக்சிலும் தாங்காது. செங்கோட்டை தாண்டி வர்ற புளியரை மலைப்பாதை வளைவுல அது உயிர் விஷயம்.

பதில் 3: பட்டையை ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க, வண்டி சாயும்.