செவலையின் உறுமலை அடக்கினோம், தப்பு அங்கேதான்

எங்கள் நாய் செவலையை எடுத்து வந்தபோது அவனுக்கு நாலு மாசம் இருக்கும். திருமங்கலம் பக்கம் ஒரு பரோட்டாக் கடை வாசலில் ஏழெட்டு நாய்களோடு சண்டை போட்டே வயிறு நிரப்பியவன். வந்த முதல் வாரத்திலேயே தட்டுப் பக்கம் யார் போனாலும் உறுமினான். "அவன் திங்கும்போதே தட்டுல கைய விட்டுப் பழக்கு, அப்பதான் அடங்குவான்" என்றார் அப்பா. எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வதுதான். நானும் விட்டேன். உறுமினால் மூக்கில் ஒரு அடி. பத்து நாளில் உறுமல் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி எலும்போடு கட்டிலுக்கடியில் படுத்திருந்தான். அதைப் பிடுங்கக் கை நீட்டிய அப்பாவின் புறங்கையைச் சத்தமே இல்லாமல் கவ்விவிட்டான். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ஊசி போட ஓடினோம். "உறுமியிருந்தா நான் கைய எடுத்திருப்பேனே" என்று வழியெல்லாம் அப்பா புலம்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உறுமாதே என்று அவனை அடித்தது நான்தானே. அவனுடைய பயம் அப்படியே இருக்க, அதைச் சொல்லும் வாயைத்தான் கட்டிப்போட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு தள்ளி நின்று அவன் சாப்பிடுவதைப் பார்க்க ஆரம்பித்தேன். அடுப்படி நிலையில் நின்றால் நிதானமாகச் சாப்பிடுவான். ரெண்டு எட்டு வைத்தால் அவக் அவக்கென்று விழுங்குவான். இன்னும் ஒரு எட்டு வைத்தால் மெல்லுவது நின்றுவிடும். தலை தட்டுக்கு மேல் கவியும், கழுத்து விறைக்கும், முகம் அசையாமல் கண் மட்டும் என் பக்கம் திரும்பி ஓரத்தில் வெள்ளை தெரியும். உறுமலுக்கு முன்னாலேயே இவ்வளவு சொல்கிறான்!

அதனால் அவன் விறைக்காத இடத்திலிருந்து தொடங்கினேன். தட்டில் வழக்கமான சோறு. என் கையில் உப்புப் போடாமல் வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கியது. நிலை வரை போவேன், ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் எறிவேன், உடனே திரும்பிவிடுவேன். அங்கேயே நிற்கக் கூடாது. இவள் வந்தால் நல்லது வருகிறது, இருப்பது எதுவும் போகவில்லை என்று அவனுக்கே படவேண்டும். ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவை. என்னைப் பார்த்ததும் சோற்றை விட்டுத் தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, வாலாட்டி என் கையைத் தேடினால்தான் மறுநாள் அரை எட்டு முன்னே. ஒருநாள் அவசரப்பட்டு ரெண்டு எட்டாக வைத்தேன், விறைத்துவிட்டான். மறுபடி நிலையிலிருந்தே ஆரம்பம். தட்டுக்குப் பக்கத்தில் உட்கார ரெண்டு மாசம் ஆனது.

வாயில் இருப்பதை வாங்குவதற்கும் இதே வழிதான். ஈரலை மூக்குக்கு நேரே காட்டுவேன், கயிற்றுப் பந்தைப் போடுவான், "விடு" என்பேன், அவன் தின்று முடித்ததும் பந்தை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். சமைத்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் அது மட்டும் இப்போது வீட்டில் கிடையாது.

*

செவலை கதையைப் படித்துவிட்டுக் கோவையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் லேப்ரடாருக்குச் சோற்றில் பிரச்சினையே இல்லை, சாக்ஸில்தான். எடுத்தாள் என்றால் வீடே துரத்தும். ஒருநாள் சோபா மூலையில் மடக்கினோம், அப்படியே விழுங்கிவிட்டாள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். இப்போது யாரும் துரத்துவதில்லை. நான் பிரிட்ஜைத் திறந்து, சிக்கன் துண்டுகளை அடுப்படித் தரையில் நாலா பக்கமும் சிதறிப் போடுவேன். சாக்ஸைப் போட்டுவிட்டு வருவாள். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போது இன்னொருவர் போய் அமைதியாக எடுத்துவிடுவார். அவள் கண்முன்னே பிடுங்குவது மட்டும் கூடவே கூடாது.

*

தஞ்சாவூர். எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு ஒன்பது வயது. இத்தனை வருஷம் இல்லாமல் திடீரென்று தட்டுக்கு உறுமினான். பழக்கம் கெட்டுவிட்டது என்று நினைத்தோம். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் வேரோடு சீழ் பிடித்திருக்கிறது. பல்லை எடுத்த பிறகு உறுமலே இல்லை. வளர்ந்த நாய் திடீரென்று மாறினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

*

செவலை வீட்டு அக்கா, எங்க வீட்ல ரெண்டு வயசுப் பாப்பா இருக்கா. அவ கையால ஈரல் போட வச்சுப் பழக்கலாமா?

*

வேண்டவே வேண்டாம் தம்பி. நம்மைப் பார்த்துப் பழகியது பிள்ளைகளுக்கும் சேரும் என்று நம்பவே கூடாது. பாப்பாவுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது, அவள் முகமும் நாயின் வாய் உயரத்திலேயே இருக்கும். நாய்க்குத் தனி அறையில் சாப்பாடு வையுங்கள், தின்று முடித்துத் தட்டை எடுத்த பிறகு கதவைத் திறங்கள். ஏற்கெனவே கடித்திருந்தால் நீங்களாக முயற்சி செய்யாமல், அடிக்காமல் பழக்கத் தெரிந்த ஆளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். செவலை இப்போது அப்பா மடியில் தலைவைத்துத் தூங்குகிறான். ஆனாலும் என் அக்கா பிள்ளைகள் வந்தால் அவனுக்குச் சாப்பாடு கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுத்தான்.